துணிக்கு அந்தப் பக்கம்

சிரம்பானில் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, ஒரு துணியை நனைப்பது. ஊமைப் படத்துக்குக் கதை சொல்ல நல்ல தொண்டையுள்ள ஆள் வேண்டும் என்று கடுதாசி போட்டு என்னை நாகப்பட்டினத்திலிருந்து வரவழைத்தவர் மீரான் சாகிபு. சிரம்பானை ஒட்டிய ரஹாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அது போதாதென்று ஒரு பயாஸ்கோப் இயந்திரத்தையும் வாங்கி வைத்திருந்தார். போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் கடையின் பின்கட்டில் ஒரு பெரிய வெள்ளைத் துணியைப் போட்டு, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரையும் வைத்தார்.

“ஊத்துங்க தம்பி. ஒரு இடம் காயக் கூடாது.”

கடல் தாண்டி வந்தது துணி அலசவா என்று எனக்குச் சுருக்கென்றது. அவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

“ஈரமா இருந்தாத்தான் படம் அந்தப் பக்கமும் தெரியும். தோட்டத்துல ஆம்பளைங்க முன்னாடி, பொம்பளைங்க துணிக்குப் பின்னாடி. கங்காணிமாரு போட்ட சட்டம். பின்னாடி உக்காந்தவங்களுக்குப் படம் தெரியலைன்னா மறுதரம் நம்மள உள்ளேயே விட மாட்டாங்க.”

“பின்னாலேருந்து பாத்தா எல்லாம் இடம் வலமா தெரியுமே?”

“தெரியட்டுமே. கதை ஒண்ணுதானே.”

மத்தியானம் அவர் கடையிலேயே சாப்பாடு. மீன் கறியில் ஏதோ புல் மிதந்தது. நாசூக்காக எடுத்து இலையோரம் ஒதுக்கினேன். “அது செரை. வாசத்துக்குப் போடுறது. ஒங்க ஊரு மாடு திங்கிற புல்லு இல்ல,” என்றார். நாகூர்க்காரரான அவருக்கும் எனக்கும் ஒரே ஊர்ப் பக்கம்தான். ஆனால் கடை வைத்து இருபது வருடம் ஆனதில் அவர் நாக்கு வேறு ஊராகியிருந்தது. டின் பால் ஊற்றிய காப்பி எனக்கு முதல் நாளிலேயே பிடித்துப்போனது. பசும்பாலுக்கு நான் செய்த துரோகம் அது.

இந்த வேலைக்கு நான் ஒப்புக்கொண்டது தொண்டையை நம்பி அல்ல. கோலா பிலா பக்கம் ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்தில் பாக்கியம் இருந்தாள். எந்தத் தோட்டம் என்று தெரியாது. பதினோரு வருடத்துக்கு முன் அவளுக்கு வயது பதினைந்து, எனக்குப் பதினேழு. இரண்டு வீட்டுக்கும் உப்பளத்தில் வேலை. அவள் குடும்பம் தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணியிடம் பேர் கொடுத்தபோது, அம்மாவுக்குத் தெரியாமல் நானும் என் பேரைக் கொடுத்தேன். கப்பல் நாளன்று மாமாவின் பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்கும் போனேன். ஆனால் வரிசையில் போய் நிற்கவில்லை. அம்மாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கஞ்சி ஊட்ட என்னை விட்டால் ஆள் கிடையாது. சரக்குக் கிட்டங்கித் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, கப்பலுக்கு ஆள் ஏற்றிப்போகும் படகில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படகு போய்விட்டது.

நான் வரவே இல்லை, ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்தபடிதான் அவள் போயிருப்பாள். இந்த ஒரு நினைப்பு பதினோரு வருடமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது. அம்மா போய் இரண்டு வருடமாகியும் எனக்குக் கல்யாணத்தில் மனம் போகவில்லை. பாக்கியத்தைத் திரும்ப அழைத்துப்போக நான் வரவில்லை. அவள் பிள்ளைகுட்டியோடு எங்காவது குடித்தனம் பண்ணிக்கொண்டிருப்பாள். வந்தேன், நின்றேன், ஏற முடியவில்லை என்று ஒரே ஒரு தடவை அவள் காதில் போட வேண்டும். அதற்குத்தான் வந்தேன்.

இனி நான் கதை சொல்ல வேண்டிய படம். இரண்டே சுருள், அரை மணிக்கும் குறைவு. எந்த தேசத்தில் எடுத்தது என்று சாகிபுக்கே தெரியாது, தலைப்பு இருந்த துண்டு அறுந்துபோயிருந்தது. ஒரு ரொட்டிக் கடைப் பையன், எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண். இரண்டு பேருக்கும் பதினைந்து, பதினாறுதான் இருக்கும். அவன் தினமும் மதில்மேல் ஒரு ரொட்டி வைப்பான். அவள் அதை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் ஒரு பூ வைப்பாள். ஒரு நாள் அவள் குடும்பம் ஊரை விட்டுக் கிளம்புகிறது. பையன் ஸ்டேஷனை நோக்கி ஓடுகிறான். ரயில் நகர்கிறது. ஜன்னலில் அந்தப் பெண் வெளியே பார்க்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ரயில் போன பிறகு பார்த்தால் காலி மேடையில் பையன் தனியாக நிற்கிறான். அதோடு முடிந்தது.

ரஹாங்கில் மூன்று நாள் அதையே திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தேன். படம் எடுத்தவன் கெட்டிக்காரன். காதலர் இருவரையும் ஒரு தடவைகூடச் சேர்த்துக் காட்டவில்லை. பையன் எப்போதும் வலப்பக்கம் பார்க்கிறான், பெண் எப்போதும் இடப்பக்கம் பார்க்கிறாள். அதனாலேயே இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதாக நமக்குத் தோன்றிவிடுகிறது. நம் கூத்தாக இருந்தால் எதிரெதிரே நின்று நாலு பாட்டாவது பாடாமல் விட்டிருக்க மாட்டார்கள்.

ரொட்டி, பூ, ரொட்டி, பூ என்று மூன்று நாள் காட்டிவிட்டு நாலாவது நாள் வெறும் மதிலைக் காட்டுகிறான். அவள் போகப்போகிறாள் என்பதை அந்த வெறும் மதிலே சொல்லிவிடுகிறது. பையன் ஓடும்போது கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் ரயில் சக்கரம் என்று மாற்றி மாற்றி வருகிறது. வரவரத் துண்டுகள் குட்டையாகிக்கொண்டே போகின்றன. உட்கார்ந்திருக்கும் நமக்கு மூச்சு வாங்குகிறது.

ஒரே ஓர் இடம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. முகத்தைத் திருப்புமுன் அந்தப் பெண் எதைப் பார்த்தாள்? அதைப் படம் காட்டவே இல்லை. பையன் மேடைக்கு எப்போது வந்தான் என்பதையும் காட்டவில்லை. அந்தத் துண்டு அறுந்து தொலைந்ததா, எடுத்தவன் வேண்டுமென்றே விட்டானா என்று சாகிபைக் கேட்டேன். “அந்த எடத்துல நீங்க ஏதாவது சொல்லி நெரப்புங்க தம்பி. அதுக்குத்தானே சம்பளம்,” என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொல்லி நிரப்பினேன். ‘பார்க்கிறாள், பார்க்கிறாள், அவனைக் காணோம். இவ்வளவுதானா என்று மனம் கசந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.’

நாலாம் நாள் சுங்கை காடுட் பக்கத்துத் தோட்டத்தில் முதல் காட்சி. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு முன்னால் இரண்டு மூங்கில் நட்டுத் துணியைக் கட்டினோம். ஆண்கள் என் காலடியில் உட்கார்ந்தார்கள். பெண்கள் பிள்ளைகளோடு வேறு வழியாக வந்து துணிக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். வளையல் சத்தமும் பிள்ளைகளின் சிணுங்கலும் கேட்டதே தவிர ஒரு முகம் தெரியவில்லை. பாக்கியம் இங்கே இருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

படம் பாதியில் இருக்கும்போது ஒரு கிழவர் எழுந்து, “எல்லாஞ் சரி, அந்தக் குடும்பத்த எந்தக் கங்காணி கூட்டிட்டுப் போறான்?” என்று கேட்டார். கூட்டம் முழுவதும் அதே கேள்வியோடு என்னைப் பார்த்தது. கங்காணி இல்லாமல் ஒரு குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பும் என்பதை அங்கே யாரும் நம்பத் தயாராக இல்லை. நான் அவசரத்துக்கு, மேடையில் நின்ற தொப்பைக்கார ஸ்டேஷன் மாஸ்டரைக் கங்காணி ஆக்கிவிட்டேன். அவ்வளவுதான், அவர் வரும்போதெல்லாம் மண்ணை வாரி எறிந்தார்கள். பச்சைக் கொடி காட்டியதைத் தவிர ஒரு பாவமும் அறியாத மனுஷர். நிஜக் கங்காணி முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

பாக்கியத்தைப் பற்றி யாரிடமாவது கேட்டுவிடலாமே என்று தோன்றும். வெளியாள் ஒருவன் லயத்துக்குள் வந்து ஒரு பெண்ணின் பேரைச் சொல்லி விசாரித்தால், அவன் போய்விடுவான். பேச்சு அவள்மேல் நிற்கும். அதனால் நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். துணியைத் தாண்டிக் கேட்கும்படி தொண்டை கிழியக் கத்தினேன்.

ஏழாம் நாள் கோலா பிலாவுக்குப் புறப்பட்டோம். மலைப்பாதை ஏறும் வளைவில் சாகிபின் லாரி பெருமூச்சு விட்டு நின்றது. இஞ்சினிலிருந்து ஆவி கொதித்தது. கூடவே மழையும் பிடித்துக்கொண்டது. ஓடையில் தண்ணீர் மொள்ள இறங்கிய நான், இரண்டு கால் நிறைய அட்டைகளோடு ஏறி வந்தேன். படச் சுருள் நனையக் கூடாதென்று சாகிபு தம் குடையைப் பெட்டிக்குத்தான் பிடித்தார், எனக்கு அல்ல. சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரர் இறங்கி, எங்களையும் லாரியையும் நிதானமாகப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். சாகிபு சிரிக்காமல் மொழிபெயர்த்தார்: “வண்டிக்குத் தாகம் எடுத்திருக்கு, ஆளுக்குக் குளிர் எடுத்திருக்கு. தண்ணியை எதுக்குக் கொடுக்கணுமோ அதுக்குக் கொடுங்கங்கிறார்.” அந்த மலாய்க்காரரே தம் புகையிலையைக் கசக்கி என் காலில் தேய்த்து அட்டைகளை உதிர்த்துவிட்டுப் போனார். பேர்கூடக் கேட்கவில்லை.

கோலா பிலாவில் சீனர் கடையில் காப்பி குடிக்கும்போதே தொண்டை கரகரத்தது. எட்டாம் நாள் ஒரு தோட்டம், ஒன்பதாம் நாள் ஒரு தோட்டம். இரண்டிலும் துணிக்குப் பின்னால் வளையல் சத்தம்தான். தூங்கப் போகுமுன் சாகிபு மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு, “நாளைக்கு ஒரு தோட்டம். அதோட இந்தப் பக்கம் முடிஞ்சுது. பொறவு பகாங் போறோம்,” என்றார். கஷாயம் கசந்தது. அந்த நாளை என்ற சொல் அதைவிடக் கசந்தது.

பத்தாம் நாள் போன தோட்டத்தில் எங்களைக் கவனித்துக்கொள்ள ஒரு மண்டோரை விட்டிருந்தார்கள். பேர் மாரிமுத்து. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களை மேற்பார்க்கிற வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும், பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போட்டு வாய் ஓயாமல் பேசுகிற நல்ல மனுஷர். மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார்.

“சாப்பிடுங்க லா. கதை சொல்ற வாயி காயக் கூடாது. எங்க வூட்டுல காலையிலேருந்து படம், படம்னு ஒரே பேச்சு. பெரட்டுல பேரு கூப்பிடறப்போகூட அது காதுல விழலே.”

துணியைக் கட்டவும் நனைக்கவும் அவரே நின்று உதவினார். இருட்டத் தொடங்கியதும் விளக்கை ஏற்றி ஆரம்பித்தோம். முதல் சுருளை எப்படியோ கத்திக் கரைசேர்த்தேன். இரண்டாவது சுருளில், பையன் ஓடத் தொடங்கும் இடத்தில், என் தொண்டை அடைத்துக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சாகிபு இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டே கண்ணால் என்னை எரித்தார். முன்னால் இருந்த ஆண்கள் படத்தை முன்பே கேள்விப்பட்டவர்கள்போல ஸ்டேஷன் மாஸ்டருக்காகக் காத்திருந்தார்கள்.

துணிக்குப் பின்னால் ஒரு பெண் கேட்டாள்: “என்ன, கதைக்காரரு நிறுத்திப்புட்டாரு?”

“நான் சொல்றேன், கேளுங்க,” என்றது இன்னொரு குரல். “அந்தப் புள்ள ஏறி உக்காந்துட்டா. கரையையே பாக்குறா.”

ரயிலுக்கு ஏது கரை என்று நினைத்தேன்.

“அந்தப் பையன் வரலையா அக்கா?”

“வந்தான். முன்னாடியே வந்துட்டான். தூணுக்குப் பொறத்தால நிக்கிறான்.”

“தூணு எங்க இருக்கு? எனக்குத் தெரியலையே.”

“இருக்கு. கிட்டங்கித் தூணு. ஆளு ஒளிஞ்சிக்கிட்டான், காலு ஒளியலே. மாமன் செருப்பப் போட்டுக்கிட்டு வந்திருக்கான். காலவிட ரெண்டு வெரல் பெருசு.”

பெண்கள் சிரித்தார்கள். “செருப்பா? பூட்ஸு இல்ல போட்டிருக்கான்,” என்றாள் ஒருத்தி.

“நீ பூட்ஸப் பாரு. எனக்குத் தெரியும்.”

அந்த ‘எனக்குத் தெரியும்’ மாறவே இல்லை. உப்பு வாரும்போது எதற்கெடுத்தாலும் அப்படித்தான் சொல்வாள். குரல் தடித்திருந்தது; பேச்சு பாக்கியத்தின் பேச்சேதான். படத்தில் அந்தப் பெண்ணின் முகம் துணி முழுக்க நிறைந்தது. பார்த்தாள். திருப்பிக்கொண்டாள்.

“ஐயோ, கோவிச்சிக்கிட்டாளே,” என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

“கோவம் என்ன கோவம். பாத்துட்டுத்தான் திரும்பிக்கிட்டா. ஒரு கையக் காட்டியிருந்தா ஓடியாந்து ஏறியிருப்பான். அவங்க அம்மா படுக்கையில கெடக்கு. கஞ்சி ஊத்த யாரு இருக்கா?”

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

நான் படத்தைச் சுட்டிக்காட்டும் குச்சியோடு அப்படியே நின்றேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஓர் ஈரத்துணி. பதினோரு வருடமாக அவளிடம் சொல்ல வேண்டும் என்று சுமந்து வந்ததை, அவள் அன்றைக்கே, படகில் உட்கார்ந்தபடியே தெரிந்துவைத்திருந்தாள். அழுகை வந்தது. அழுதேன். தொண்டை வலியில் கண் கலங்குவதாக முன்வரிசையில் நினைத்திருப்பார்கள்.

படம் எடுத்தவன் அந்த ஒரு துண்டை ஏன் விட்டான் என்பதும் அங்கே நின்றபோதுதான் புரிந்தது. காட்டியிருந்தால் அது அவன் கதை. காட்டாததால் நான் என் பயத்தைப் போட்டு நிரப்பினேன், அவள் தான் கண்டதைப் போட்டு நிரப்பினாள். இத்தனை தோட்டங்களில் நான் தப்பாகவே கதை சொல்லியிருக்கிறேன். கதை ஒன்றுதான் என்று சாகிபு சொன்னதும் தப்பு. துணிக்கு இந்தப் பக்கம் ஒரு கதை, அந்தப் பக்கம் வேறு கதை.

காட்சி முடிந்ததும் பெண்கள் வந்த வழியே போய்விட்டார்கள். சுற்றிக்கொண்டு ஓடினால் பத்தடி. ஓடவில்லை. அவளை இந்த வயதில் ஒரு தடவை பார்க்க மாட்டோமா என்று உடம்பெல்லாம் ஏங்கியது, ஆனாலும் ஓடவில்லை. லயத்துப் பெண்கள் நடுவில் நான் போய் நின்றால், நான் போன பிறகும் அவள் அங்கேதான் இருந்தாக வேண்டும்.

துணியை மடித்துக்கொண்டிருந்தபோது மாரிமுத்து வந்து அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு சங்கதி கேட்டுட்டு வரச் சொன்னா எங்க வூட்டுல. வெக்கமாத்தான் இருக்கு, சின்னப் புள்ள மாதிரி. கேக்காமப் போனா சோறு போட மாட்டா லா.”

“கேளுங்க,” என்றேன். பாதிக் குரல்தான் வந்தது.

“அந்தப் பையன் பொறவு என்ன ஆனான்? கல்யாணம் கில்யாணம் கட்டுனானா? இன்னிக்குப் பின்னாடி கதை சொன்னதே அவதான். எல்லாஞ் சொல்லிட்டா, அது மட்டுந் தெரியலையாம்.”

துணியின் இந்த முனை என் கையில், அந்த முனை அவள் புருஷன் கையில். படத்தில் அதற்குப் பதில் கிடையாது. காலி மேடையோடு முடிந்துவிடுகிறது. உண்மையைச் சொன்னால், அவள் அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது வீணாகிப்போகும். எனக்காகச் செய்தது அது. அதை நான் கெடுக்கலாமா?

“கட்டிக்கிட்டான்னு சொல்லுங்க. ரெண்டு புள்ளைங்க. அவங்க அம்மா ரொம்ப வருசம் இருந்துட்டு, கடைசி வரைக்கும் அவன் கையால கஞ்சி குடிச்சிட்டு நிம்மதியாப் போனாங்க. அதையும் சொல்லுங்க.”

“நல்லது, நல்லது. இதக் கேட்டாத்தான் தூங்குவா,” என்று சொல்லிவிட்டு மாரிமுத்து லயத்தை நோக்கி நடந்தார். நான் சொன்னதில் பின்பாதி நிஜம். அதை அவள் காதில் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை பெரட்டு முடிந்து ஆட்கள் மரத்துக்குப் போய் வெகுநேரம் கழித்துத்தான் நாங்கள் சாமான் ஏற்றினோம். இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே சாகிபு, “நேத்து அந்த எடத்துல வாயை மூடிட்டீங்க. பகாங்குல இப்படி ஆகக் கூடாது,” என்றார். ஆகாது, அந்த இடத்தில் சொல்ல எனக்கு இப்போது வேறு கதை இருக்கிறது என்றேன். என்ன கதை என்று அவர் கேட்கவில்லை. லாரிக்குத் தண்ணீர் ஊற்றுவதில் இருந்தார்.

கிளம்பும்போது மாரிமுத்து பால் ஸ்டோரிலிருந்து வேகவேகமாக வந்தார். கையில் ஒரு துணி மூட்டை. வழிக்கு ரம்புத்தான் பழம். அதை என் மடியில் வைத்தார்.

“சொன்னீங்களா?” என்று கேட்டேன்.

“சொன்னேன் லா. அம்மா சங்கதி கேட்டதும் கண்ணத் தொடச்சுக்கிட்டா. கல்யாணம் கட்டிக்கிட்டான், ரெண்டு புள்ளைன்னு சொன்னேன் பாருங்க, அதுக்குச் சிரிக்கிறா. ‘அவன் கொரலக் கேட்டா அப்படித் தெரியலையே’ங்கிறா. ஊமைப் படத்துல அந்தப் பையனுக்கு ஏதுங்க கொரலு?”

சாகிபு லாரியைக் கிளப்பினார். மாரிமுத்து சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். அவருக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. அவற்றுக்கு நடுவில் எங்கோ அவள் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். நானும் கையைக் காட்டினேன். வளைவு வந்து தோட்டம் மறைகிறவரை காட்டிக்கொண்டே இருந்தேன்.